குளிர்பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு

வெஸ்லி ஹௌத்தலாவின் கராஜில் செத்துப்போன ஃபிரிட்ஜ் ஒன்று நின்றிருந்தது. உள்ளே வைத்ததைச் சூடாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. மினசோட்டாவின் வடகோடியில், பால் டப்பாவை வாசலில் மறந்து வைத்தால் காலையில் செங்கல்லாக எடுத்துவரக்கூடிய ஊரில், ஒரு பொருளைக் குளிர்விக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. ஃபிரிட்ஜ் உயிரோடு இருந்தவரை வீட்டுக்கு உழைத்தது. செத்த பிறகுதான் வெஸ்லிக்கு உழைக்க ஆரம்பித்தது என்று பக்கத்து வீட்டு கோர்டி ஸுபான்சிச் சொல்வார்.

அதன் தட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, அடியில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றை வைத்திருந்தார் வெஸ்லி. ஜாடிக்குள் புளித்துக்கொண்டிருக்கும் பீர். பக்கத்தில் காலி காப்பித் தகரம், அதற்குள் ஒரு குண்டு பல்பு. வெளிச்சம் பட்டால் பீர் நாற்றமடித்துவிடும் என்பதால் பல்புக்குத் தகரமே சிறை. வெளிச்சம் தருவதற்காகப் பிறந்த பொருளை வெளிச்சம் வெளியே வராதபடி அடைத்து, வீணாகப் போகிறது என்று உலகமே திட்டிய அதன் சூட்டை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். கடைகளில் குண்டு பல்பு நின்றுபோகப் போகிறது என்று தெரிந்த வருஷம் ஒரு பெட்டி நிறைய வாங்கி அடுக்கியும் விட்டார். புது பல்புகள் சிக்கனமானவை, சூடே வராது, ஆகவே உதவாது என்பது அவர் கட்சி.

ஜாடியின் இடுப்பில் ஒரு வெப்ப உணரியை வைத்து, மேலே பஞ்சு வைத்து, டேப் ஒட்டியிருந்தார். சூடு குறைந்தால் பல்பு எரியும், ஏறினால் அணையும். பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட், சங்கத்தில் சேர்ந்த தொழிலாளி மாதிரி: பதினெட்டு டிகிரி கொடுத்தால் ராப்பகலாக உழைக்கும், பத்துக்கு இறங்கினால் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு அடியில் போய்ப் படுத்துவிடும். அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் முழு மனசோடு எழுந்திருக்காது. பீர் பாதியில் நின்று பாகு மாதிரி தித்திக்கும். வெஸ்லியே இரும்புத்தாது ஆலையில் சங்கத்துக்காரர். அதனால் ஈஸ்டின் நிலைமை அவருக்குப் புரிந்தது.

ஆலையில் அவர் மின்பணியாளர். பணி ஓய்வு பெறும்வரை ஊர் அளவு பெரிய இயந்திரங்களுக்கெல்லாம் மின்சாரம் போய்ச் சேர வழி செய்தவர். ஆனால் அவருடைய சொந்தக் கராஜுக்கு வீட்டிலிருந்து ஒரே ஒரு லைன்தான் போனது. அதுவும் அவர் அப்பா காலத்தில், மண்ணுக்கடியில் புதைத்த வயர். இன்னொரு லைன் இழுக்க வேண்டும் என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் தீர்மானிப்பார். தரை உருகியதும் மீன்பிடிக் காலம் வந்துவிடும்.

பீர் ஏன் கராஜில் இருந்தது என்பதற்குத் தனிக் கதை உண்டு. முதலில் அது வீட்டின் அடித்தள அறையில், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில், சொகுசாகத்தான் இருந்தது. ஒரு தடவை நுரை பொங்கிக் குழாயை அடைத்து, மூடி பறந்து, உச்சிக் கூரையெல்லாம் பழுப்பு நுரை. கொடியில் உலர்ந்துகொண்டிருந்த தேவாலயப் பாடகர் குழுவின் அங்கிகள்மேல் அது சொட்டிக்கொண்டிருந்தது. வெஸ்லியின் மனைவி லோர்னா படிக்கட்டில் பாதியில் நின்று பார்த்தார்.

"சரி," என்றார். "வித்தியாசமாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் யாரும் யாரையும் வையமாட்டார்கள். சமைத்தது வாயில் வைக்க முடியவில்லை என்றாலும், மருமகன் குடிகாரன் என்றாலும், பாதிரியாரின் பிரசங்கம் புரியவில்லை என்றாலும் 'வித்தியாசமா இருக்கு' என்பார்கள். வெஸ்லி மறுநாளே ஜாடியையும் பானையையும் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசாமலே பொண்டாட்டியின் மனதைப் புரிந்துகொண்ட புருஷன் என்று ஆலையில் அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

கறுப்பு பீர் போடும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது லோர்னாவின் அண்ணன் டெல்மர் பெர்க்ஸ்டட். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதே ஆலையில் தூளைத் தின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். இரண்டு பேரும் குளிர்காலம் தவறாமல் சேர்ந்து காய்ச்சுவார்கள். டெல்மர் கிளறுவார், வெஸ்லி சூட்டைப் பார்ப்பார். குடித்துவிட்டு டெல்மர் சொல்லும் குறைகள் ஒவ்வொரு வருஷமும் வேறு வேறாக இருக்கும். ஒரு வருஷம் கருகல் வாசனை கூட. இன்னொரு வருஷம் கருகல் போதாது.

அந்த டிசம்பரில் டெல்மர் டுலூத் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்து போன் செய்தார்.

"வெஸ், கறுப்பு போடுடா. எனக்கு ரெண்டு மடக்கு போதும்."

"டாக்டர் விடுவாரா?"

"ஒரு தரம் கேட்டேன். வேண்டாம்னார். இன்னும் ரெண்டு தரம் கேக்கணும்."

இந்த நகைச்சுவையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது சிரமம். எங்களிடம் ஒருவர் வீட்டுக்குப் போனால் காப்பி வேணுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள், உங்களுக்கு ஏன் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்கும்போது, சரி, போட்டு வெச்சிருந்தா அரைக் கப் என்று சொல்லி இரண்டு கப் குடிக்கலாம். முதல் 'வேண்டாம்' என்பதைக் கேட்டுவிட்டுக் காப்பிப் பாத்திரத்தை மூடி வைப்பவனை நாங்கள் கெட்டவன் என்று சொல்வதில்லை. தெற்கே எங்கோ வளர்ந்தவன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். வெஸ்லி தெற்கே வளர்ந்தவர் அல்ல. இப்படி மூன்று தரம் கேட்கும் அடுப்படியிலேயே வளர்ந்தவர்.

ஜனவரி முதல் வாரத்தில் கறுப்பு பீர் ஜாடிக்குள் போனது. ஈஸ்ட் ஒழுங்காக வேலைக்கு வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் பனிப்புயல் ஒன்று கனடா பக்கமிருந்து இறங்கி, சாலைகளை மூடி, ஊரைப் பஞ்சுக்குள் வைத்ததுபோல் வைத்தது. புயல் போன பிறகு வருவதுதான் எங்கள் ஊரில் மோசம். வானம் கழுவி விட்டது மாதிரித் தெளியும். மேகம் என்கிற போர்வை இல்லாததால் தரையின் சூடெல்லாம் நட்சத்திரங்களுக்குப் போய்விடும். பூஜ்யத்துக்குக் கீழே முப்பதுக்கும் கீழே பாதரசம் இறங்கியது. குண்டு பல்பு மூச்சு விடாமல் எரிந்தும் ஃபிரிட்ஜுக்குள் சூடு நிற்கவில்லை. வெஸ்லி பல்பை எடுத்துவிட்டு, குளியலறையில் வைக்கும் சின்ன விசிறி ஹீட்டரைத் தூக்கி உள்ளே வைத்தார். சூடு நின்றது. ஆனால் அந்த ஹீட்டர் கராஜின் ஒற்றை லைனில் வந்த மின்சாரத்தையெல்லாம் தானே தின்றது.

எங்கள் ஊரில் காருக்கும் மூக்கிலிருந்து ஒரு வயர் தொங்கும். இந்த மாதிரிக் குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரின் வயர் அது. முந்தின சாயங்காலமே அதைச் செருகிவிட்டால்தான் காலையில் கார் எழுந்திருக்கும். வெஸ்லியின் பிக்கப் வண்டி கியர் போய் மெக்கானிக்கிடம் கிடந்தது. வீட்டில் இருந்தது லோர்னாவின் கார் மட்டும். பீர் ஹீட்டரையும் கார் ஹீட்டரையும் சேர்த்துச் செருகினால் பிரேக்கர் விழுந்துவிடும், இரண்டுமே அணைந்துபோகும். சாலைகளே மூடிக் கிடந்ததால் அதுவரை அது பிரச்சினையாக இல்லை.

புயல் ஓய்ந்த அன்று சாயங்காலம் டெல்மர் போன் செய்தார். லோர்னா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்ததால் போனை மேஜைமேல் சத்தமாக வைத்திருந்தார். டெல்மரின் குரலுக்கு நடுவில் மூச்சு வந்ததா, மூச்சுக்கு நடுவில் குரல் வந்ததா என்று சொல்ல முடியவில்லை.

"நாளைக்குக் காலையில தொண்டைக்குள்ள குழாய் விடறாங்களாம். அப்புறம் வாயாட முடியாது. உனக்குத்தான் கொண்டாட்டம்."

"எத்தனை மணிக்கு?"

"காலையில ரவுண்ட்ஸ் முடிஞ்சதும்னு சொன்னாங்க. நீ வர்றியா?"

"ரோட்டுப் பனியை ராத்திரியே தள்ளிருவாங்க. விடியறதுக்குள்ள கிளம்பிடறேன், டெல்மர். குழாய்க்கு முன்னாடி அங்க இருப்பேன்."

"வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லேன்."

"நேர்ல. போன்ல சொன்னா நீ வெச்சிருவே." பிறகு, "வெஸ் இருக்கானா? பீர் எப்படி?"

"பதினெட்டுல நிக்குது," என்றார் வெஸ்லி.

"விட்டுறாதே."

போன் வைத்த பிறகு லோர்னா ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். வெஸ்லிக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஒரு லைன், இரண்டு ஹீட்டர். வீட்டுச் சுவரிலிருந்து நீள வயர் இழுத்துக் காருக்குக் கொடுக்கலாம். ஆனால் தடித்த நீள வயர் கோர்டியிடம் இருந்தது. நவம்பரில் வாங்கிப் போனவர், உறைந்த ஏரிமேல் போட்டிருக்கும் மீன்பிடிக் குடிலுக்கு. கேட்கப் போகலாம். பூட்ஸ் மாட்ட வேண்டும், கோட் மாட்ட வேண்டும், கோர்டி உள்ளே வா என்பார், மூன்று தரம் மறுத்துவிட்டு உட்கார வேண்டும்.

"உன் காரைச் செருகட்டுமா?" என்று கேட்டார்.

"பரவால்ல," என்றார் லோர்னா. "புது பேட்டரிதானே. கிளம்பிடும். உன் பீர் இருக்கே."

"சரி அப்ப," என்றார் வெஸ்லி.

துணி பிடித்த கை ஒரு கணம் தட்டின்மேல் நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. அந்தக் கணத்தை வெஸ்லி பார்த்தார். பார்த்துவிட்டு டிவியில் வானிலை போட்டார். பின்னாளில் அவரால் தனக்கே சொல்லிக்கொள்ள முடியாத ஒன்று உண்டென்றால் அது இதுதான்: அந்தக் கை எதற்காக நின்றது என்று அவருக்கு அப்போதே தெரியும். அடுத்த கேள்விக்காக நின்றது. அவர் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் பதில் வந்துவிடும். பீர் டெல்மருக்குத்தானே என்று மனதில் நியாயம் இருந்தது. டெல்மருக்கான பீருக்கு மின்சாரம் கொடுக்க, டெல்மரின் தங்கை டெல்மரிடம் போவதற்கான மின்சாரத்தை அவர் எடுத்துக்கொண்டார். நியாயம் என்றால் அது முழு நியாயம்தான். ஒரு பக்கமும் ஓட்டை இல்லாதது.

காலையில் கார் ஒரு தரம் 'க்ளிக்' என்றது. அப்புறம் அதுவும் சொல்லவில்லை.

எஞ்சின் எண்ணெய் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. வெஸ்லி ஓடிப்போய் பீர் ஹீட்டரைப் பிடுங்கிவிட்டுக் காரைச் செருகினார். இப்போது செருகி என்ன ஆகும், அதற்கு நேரம் வேண்டும் என்பது ஆலையில் இருந்த அத்தனை பேரையும்விட அவருக்குத் தெரியும். லோர்னா ஓட்டுநர் இருக்கையில், மடியில் கைப்பையோடு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூச்சு புகையாக வந்தது.

"கோர்டியைக் கூப்பிடட்டுமா?" என்றார் வெஸ்லி.

"தூங்கிட்டு இருப்பார், பாவம். கொஞ்சம் பாப்போம்."

கொஞ்சம் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் பார்த்தார்கள். இந்தமுறை வெஸ்லி இரண்டாவது தரமும் கேட்டார். லோர்னா அதற்கும் பாவம் என்றார். கிழக்கே வெளுத்தபோது, பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்து, கோர்டியே பனிக்கு நடுவில் சறுக்கிக்கொண்டு வந்தார். தலையில் காதுமூடிக் குல்லா, கீழே வீட்டுப் பைஜாமா.

"என்னப்பா, ரெண்டு பேரும் காரோட பேசிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல கோர்டி," என்றார் வெஸ்லி. "கிளம்பிடும்."

"பேட்டரிக்குக் கேபிள் கொண்டாரட்டுமா?"

"வேண்டாம், நீ போ, குளிருது."

"எங்க போகணும் லோர்னா?"

"டுலூத். டெல்மர்கிட்ட. நீங்க சிரமப்பட வேண்டாம் கோர்டி."

கோர்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஸ்லோவேனியாவிலிருந்து குடியேறியவர்கள் வீட்டுப் பிள்ளை. இந்த விஷயங்களில் எங்களைவிடக் கொஞ்சம் அவசரக்காரர். "என் வண்டி செருகித்தான் இருக்கு. ஏறு லோர்னா. பைஜாமாவோட வந்தா பரவால்லையா?" என்றார். மூன்றாவது தரம் கேட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டு லோர்னா இறங்கினார்.

"நானும் வர்றேன்," என்றார் வெஸ்லி.

கோர்டியின் வண்டியில் பின் இருக்கை கிடையாது. நடுவில் மீன்பிடிச் சாமான். லோர்னா தாழ்ந்த குரலில், "நீ இரு வெஸ். பீரைப் பாத்துக்கோ," என்றார். குரலில் குத்தல் ஏதாவது இருந்ததா என்று வெஸ்லி அதன் பிறகு ஆயிரம் தரம் தேடிப் பார்த்திருக்கிறார். இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

கதவை மூடும்போது கோர்டி மட்டும் கேட்டார். "உன் நீள வயர் என்கிட்டதானேடா இருக்கு. ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

வண்டி போன பிறகு வெஸ்லி கராஜுக்குள் நின்றார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். நாலு டிகிரிதான் இறங்கியிருந்தது. ஈஸ்ட் இன்னும் படுக்கவில்லை. காரிலிருந்து வயரைப் பிடுங்கி மறுபடி பீருக்குச் செருகினார். கார் இனி எதற்கு என்ற காரணம் சரியானதுதான். சரியாக இருந்தது என்பதுதான் அவருக்குப் பிறகு பொறுக்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழாய் விட்டு ஆகியிருந்தது. சற்று முன்னால்தான், என்று நர்ஸ் சொன்னாராம். டெல்மரின் கையை லோர்னா பிடித்துக்கொண்டிருந்தார். மருந்தின் மயக்கத்தில் இருந்த கை திரும்பப் பிடிக்கவில்லை. கோர்டி பைஜாமாவோடு வராந்தாவில் மிஷின் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார். மாதம் முடிவதற்குள் டெல்மர் குழாயோடேயே போய்விட்டார்.

அந்த 'ஒண்ணு' என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. வெஸ்லிக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. டெல்மர் நேரில் சொல்கிறேன் என்று வைத்திருந்த விஷயங்கள் பெரும்பாலும் படகு மோட்டாரைப் பற்றியவை. போனில் சொன்னால் லோர்னா வைத்துவிடுவார் என்பதும் அதற்குப் பொருந்தும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. மோட்டாராகவே இருந்தாலும், அதைக் கேட்டுவிட்டு 'இதுக்காடா என்னை இந்தக் குளிரில் வரவெச்சே' என்று திட்டும் உரிமை லோர்னாவுடையது. அது போனது போனதுதான்.

பீர் நன்றாக வந்தது. அதை என்ன சொல்ல. வெஸ்லி வாழ்நாளில் போட்டதில் அதுதான் ஆகச் சிறந்தது. கறுப்பாக, மெத்தென்று, கடைசியில் வறுத்த காப்பிக் கொட்டையின் கசப்பு லேசாக நாக்கில் நின்றது. கருகல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது பாழாகியிருந்தால் தண்டனை அனுபவித்த மாதிரியாவது இருந்திருக்கும்.

இங்கே ஜனவரியில் செத்தவரை ஜனவரியில் புதைக்க முடியாது. மண் பாறையாக இருக்கும். பிரார்த்தனையையும் தேவாலய அடித்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சையும் முடித்துவிட்டு, ஆளைக் கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் மே மாதம்வரை காக்க வைப்பார்கள். ஆலைக்காரர்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. உயிரோடு இருந்தபோதும் ஷிப்டுக்காகக் காத்திருந்தவர்கள்தான்.

மே மாதத்தில் மண் இளகியது. டெல்மருக்குக் குழி வெட்டிய அதே வாரத்தில் வெஸ்லி தன் வீட்டுக் கொல்லையில் வீட்டுச் சுவரிலிருந்து கராஜ்வரை ஒரு வாய்க்கால் வெட்டினார். இரண்டாவது லைன். வாடகைக்கு மிஷின் எடுத்திருக்கலாம், மண்வெட்டியால் வெட்டினார். கோர்டி வேலிமேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதவட்டுமா?"

"வேண்டாம்."

"உதவட்டுமா?"

"வேண்டாம் கோர்டி."

கோர்டி மூன்றாவது தரம் கேட்கவில்லை. சில நேரம் அவருக்கும் எங்கள் வழக்கத்தில் விட்டுக்கொடுக்கத் தெரியும்.

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்து வாசலில், கார் டிக்கியைத் திறந்து, வெஸ்லி ஆலை நண்பர்களுக்கு ஆளுக்கொரு புட்டி கொடுத்தார். கோர்டி ஒரு மடக்கு குடித்துவிட்டுப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மோசமில்ல," என்றார். எங்கள் பகுதியில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. பிறகு, "டெல்மர் இருந்தா எதாவது குறை சொல்லியிருப்பான்."

"சொல்லியிருப்பான்," என்றார் வெஸ்லி.

லோர்னா குடிக்கவில்லை. கார் வீட்டுப் பக்கம் திரும்பிய பிறகு, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்த ராத்திரிக்கு மட்டும் ஜாடியை வீட்டு அடித்தளத்துல கொண்டாந்து வெச்சிருக்கலாம்ல. கார் லைன் காருக்கு இருந்திருக்கும்."

வெஸ்லி சாலையைப் பார்த்தார். "நீதானே அங்க வேண்டாம்னு சொன்னே."

"நானா? எப்ப?"

"அங்கி நனைஞ்ச அன்னிக்கு. வித்தியாசமா இருக்குன்னே."

"கூரையெல்லாம் நுரை, வெஸ். வித்தியாசமாத்தானே இருந்துச்சு. வேற எப்படிச் சொல்றது?"

"அப்ப உனக்கு அது…"

"அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். ரொட்டி சுடற மாதிரி கீழேருந்து வரும். நீ மறுநாளே எல்லாத்தையும் வெளிய தூக்கிட்டுப் போனே. சரி, அவனுக்குத் தனியா இருக்கணும் போலிருக்குன்னு விட்டுட்டேன்."

லோர்னா சொல்லாததை அவர் காதில் வாங்கிக்கொண்டார்; சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். இரண்டையும் மாற்றிச் செய்திருந்தால் போதும். மனைவியின் மௌனத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்று ஆலை முழுக்கப் பேர் வாங்கியவர், வேண்டியபோது வேண்டிய இடத்தில் மட்டும் படித்திருக்கிறார். காரில் ஹீட்டர் போடத் தேவையில்லாத நாள் அது. ஆனாலும் அவர் கை போய் அதைப் போட்டது.

அடுத்த குளிர்காலம் வந்தது. கராஜில் இப்போது இரண்டு லைன், நாலு பிளக் பாயிண்ட். காரையும் ஃபிரிட்ஜையும், வேண்டுமானால் கோர்டியின் வண்டியையும் சேர்த்துச் செருகலாம், பிரேக்கர் அசையாது. ஊரிலேயே மிக ஒழுங்காக வயர் போட்ட கராஜ் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்.

குளிர் இறங்கிய முதல் சாயங்காலம் வெஸ்லி கோட்டை மாட்டிக்கொண்டு, "உன் காரைச் செருகட்டுமா?" என்றார். இந்தமுறை மூன்று தரம் என்ன, முப்பது தரம் கேட்கத் தயாராக இருந்தார்.

"செருகியாச்சு," என்றார் லோர்னா.

அதற்கு அப்புறமும் எந்த நாளும் அவர் முந்திக்கொள்ள முடியவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே வயர் காரின் மூக்கில் இருக்கும். கோபம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு இருந்தது. ஒரு கேள்வி மட்டும் வீட்டிலிருந்து எடுத்துவிடப்பட்டிருந்தது.

அவர் அந்த வருஷம் பீர் போடவில்லை. ஆனால் ஃபிரிட்ஜுக்குள் தகரத்தில் அடைத்த குண்டு பல்பு எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. உள்ளே டெல்மரின் கறுப்பில் ஒரே ஒரு புட்டி மிச்சம். லோர்னாவுக்காக வைத்தது. வெறுமனே கராஜில் வைத்தால் உறைந்து வெடித்துவிடும். அதனால் ஆள் உயரப் பெட்டி ஒன்று, ஒற்றைப் புட்டிக்காகக் குளிர்காலம் முழுக்கச் சூடாக்கப்பட்டது. கிறிஸ்மஸ் வாரத்தில் வெஸ்லி அதை லோர்னாவிடம் சொன்னார். "ஒரு மடக்கு குடிச்சுப் பாக்கறியா?"

"வேண்டாம் வெஸ்."

"குளிருக்கு நல்லா இருக்கும்."

"இருக்கட்டும்."

"டெல்மருக்காகப் போட்டது."

"தெரியும். அதான் வேண்டாம்."

மூன்று தரமும் வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் அது வேண்டாம்தான். அதற்கு மேல் கேட்க வழி கிடையாது.

வெஸ்லி பூட்ஸை மாட்டிக்கொண்டு, பல்பு எரிகிறதா என்று பார்க்கக் கிளம்பினார். கதவுப் பக்கம் போனபோது லோர்னா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"அந்த ஒரு புட்டிக்கு எதுக்கு அங்க பல்பை எரிச்சுட்டு? அடித்தளத்துல கொண்டாந்து வையேன்."

வெஸ்லிக்குச் சரி என்று சொல்லத்தான் ஆசை. வாய் தன் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"பரவால்ல," என்றார். "அங்கயே இருக்கட்டும்."

கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார். உள்ளே தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும் சத்தம் கேட்டது. குழாய் திறந்து மூடியது. அவர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நிதானமாக இழுத்து மாட்டிக்கொண்டார், இன்னொரு கையையும் அதேபோல. லோர்னா அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு முன்னறைப் பக்கம் போனார். வெஸ்லி இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனார்.